அச்சும் பற்சில்லும்: வன்னிப் பெருநிலப்பரப்பிற் கனரக வாகனங்களும் வேகக் குறைப்பும்

1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் தொகுதியில் இயந்திரத்தை ஆராயப் புகுந்த மார்க்ஸ், வளர்ச்சியுற்ற இயந்திரத் தொகுதி எதுவாயினும் மூன்று உறுப்புகளைக் கொண்டது என்று வகுத்தார். இயக்கும் பொறி, இயக்கத்தைக் கடத்தும் பொறி, வேலை செய்யும் கருவி என்பன அவை. நமது ஆய்வுகளில் முதலாவதும் மூன்றாவதும் ஓரளவு இடம் பெற்றுள்ளன. உழவு இயந்திரம் வந்தது, அதன் குதிரைவலு இத்தனை, ஏர் மறைந்தது, கூலியாள் வேலையிழந்தான் என எழுதி வருகிறோம். இரண்டுக்கும் நடுவே எண்ணெயில் மூழ்கி, இரும்பு உறைக்குள் மறைந்து கிடக்கும் கடத்தும் பொறியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை எழுத முனைவோர் இதனைப் புறக்கணித்தற்கு இயலாது என்பது எனது எண்ணம். அங்கு உழவையும் போரையும் ஒருங்கே தீர்மானித்த காரணிகளுள் ஒன்று, பின்னச்சின் உறைக்குள்ளிருக்கும் இரு பற்சில்லுகளின் பல்லெண்ணிக்கை விகிதமாகும். இலக்கிய மாணவன் ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்ற வினா எழலாம். பொருளுற்பத்திச் சாதனங்களை அறியாது சமூகத்தைப் பேசும் பழக்கம் இலக்கிய விமர்சனத்திலேயே மலிந்துள்ளது என்பதே அதற்கு விடை.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக் கொள்ளலாம். டீசல் இயந்திரம் வேகமாகச் சுழல்வது, ஆனால் அதன் முறுக்குவிசை சிறிது. சேற்றிற் புதைந்த லொறிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. மெதுவான சுழற்சியும் பெரிய முறுக்குவிசையும். சிறிய பற்சில்லு ஒன்று பெரிய பற்சில்லு ஒன்றைச் சுழற்றும்போது வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, உராய்விற் கழிவது போக, முறுக்குவிசை அத்தனை மடங்கு பெருகுகிறது. இதுவே வேகக் குறைப்பு. இதில் வலு உற்பத்தியாவதில்லை. உள்ள வலுவின் வடிவமே மாறுகிறது. ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறவேண்டும் என்ற இக்கணக்கை மறந்து, 'கியரை மாற்றினால் இழுவை கூடும்' என்று மாத்திரம் கூறுவோர் உண்மையின் பாதியையே கூறுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க இராணுவம் பல பதிற்றாண்டுகள் பயன்படுத்திய இரண்டரைத் தொன் எம் 35 லொறியை நோக்கலாம். அதன் அச்சின் குறைப்பு விகிதம் 6.72. இதனை ஒரு சோடிப் பற்சில்லுகளால் மாத்திரம் பெறாது, அச்சின் நடுவுறைக்குள்ளேயே இரண்டு படிகளாகப் பெற்றனர். இயந்திரம் நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழல்கிறது எனவும், கியர்பெட்டியின் முதலாம் கியர் 5 மடங்கு குறைக்கிறது எனவும் கொள்வோம். மொத்தக் குறைப்பு 33.6 மடங்கு. சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 தடவை சுழலும். சில்லின் விட்டம் 1 மீற்றராயின் வண்டி மணிக்குப் 11 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். இயந்திரத்தின் முறுக்குவிசை 400 நியூற்றன் மீற்றராயின், உராய்வை நீக்கிப் பார்க்குமிடத்து, அச்சுகளிற் பெறப்படும் மொத்த முறுக்குவிசை 13,440. நிலத்தைத் தள்ளும் விசை இரண்டரைத் தொன் எடைக்கும் மேற்பட்டதாகும்.

இவ்விடத்தில் மாட்டுவண்டியின் அச்சுக்கும் லொறியின் அச்சுக்கும் உள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மென்மையான மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமையைக் கையாளுகிறார். போருக்குப் புறப்படும் அரசன் தன் வலியறிய வேண்டும் என்பதற்கு அச்சு உவமையாயிற்று. அவர் கண்ட அச்சு பாரத்தைத் தாங்குவது மாத்திரமே. அது எதனையும் சுழற்றுவதில்லை. அது முறிவது சுமையால். லொறியின் பின்னச்சினுள்ளே டிபரன்சியலிலிருந்து சில்லுக்குச் செல்லும் தண்டு முறிவதோ பெரும்பாலும் முறுக்கத்தினால். வெறும் வண்டியுங்கூடச் சேற்றில் அகப்பட்டு, சாரதி பொறுமையிழந்து கிளச்சைத் திடீரென விட்டால், தண்டு கரும்பு போல் முறுகி ஒடியும். சுமையை இறக்கிவிட்டால் அச்சுத் தப்பும் என்ற பழைய அறிவு இங்கு உதவாது.

அச்சின் குறைப்பை மாற்ற விரும்புவோருக்கு வழிகள் சில உள. டிபரன்சியலின் பெரிய பற்சில்லையும் பினியனையும் வேறு விகிதமுள்ள சோடியாக மாற்றுவது நேரிய வழி. 41 பல்லுக்கு 6 பல்லாயின் விகிதம் 6.83; அதே 41க்கு 7 பல்லாயின் 5.86. ஒரேயொரு பல் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கிறது! ஆயின் பினியனை மாத்திரம் கழற்றி வேறொன்றை இடுவது இயலாது. இரண்டும் ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்தப்பட்ட சோடி, சோடியாகவே விற்கப்படுவன. பழைய பெரிய சில்லோடு புதிய பினியனைச் சேர்த்தால் முதலில் ஊளையிடும், பின்னர் பல் பறியும். முன்னச்சும் பின்னச்சும் ஒருங்கே இயங்கும் இராணுவ வாகனங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஓர் அச்சின் விகிதத்தை மாற்றினால் எல்லா அச்சுகளையும் மாற்றியேயாக வேண்டும். இன்றேல் ஓர் அச்சு மற்றையதை இழுத்து முறுக்கி, மண்ணில் வழுக்கியேனும் சமாளிக்கும் வண்டி, தார் வீதியில் ஏறியதும் தன் தண்டுகளைத் தானே உடைத்துக் கொள்ளும்.

எல்லாவற்றிலும் மலிவானது சில்லின் அளவை மாற்றுவது. 1 மீற்றர் விட்டமுள்ள சில்லுக்குப் பதிலாக 1.2 மீற்றர் சில்லை இட்டால் வேகம் ஐந்திலொரு பங்கு கூடும்; இழுவிசை ஆறிலொரு பங்கு குறையும். வண்டியை உயர்த்தவேண்டுமென்று பெரிய சில்லை இட்டவர், தம்மையறியாமலே அச்சின் குறைப்பைக் கெடுத்துக் கொள்கிறார்.

மூன்றாவது வழி, குறைப்பின் ஒரு பகுதியைச் சில்லின் குடத்துக்கே கொண்டுசெல்வது. வண்டிச் சில்லின் நடுப்பகுதியைத் தச்சர் குடம் என வழங்கும் சொல்லையே இங்கும் ஆளலாம். 6.72 மடங்கு குறைப்பு முழுவதும் நடுவுறையிலேயே நிகழுமாயின், அங்கிருந்து சில்லுக்குச் செல்லும் தண்டுகள் பெருகிய முறுக்குவிசை முழுவதையும் தாங்கவேண்டும். நடுவில் 2 மடங்கும் குடத்தில் 3.36 மடங்கும் எனப் பிரித்தால், தண்டு தாங்குவது முன்னையதில் மூன்றிலொன்றிலும் குறைவு. தண்டு மெலியலாம்; டிபரன்சியல் சிறுக்கலாம்; அதனால் வண்டியின் அடிவயிறு நிலத்திலிருந்து உயரும். ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் விவசாயத் தேவைக்கென உருவாக்கப்பட்ட யூனிமொக் வாகனத்தில் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். அச்சுத் தண்டு சில்லின் நடுவுக்கு வராது, அதற்கு மேலே வந்து நிற்கும். குடத்தினுள் ஒரு பற்சில்லு மற்றொன்றைக் கீழ்நோக்கிச் சுழற்றும். அச்சு முழுவதுமே உயர்ந்துவிடுகிறது. இதற்கு விலை உண்டு. குடம் ஒவ்வொன்றிலும் எண்ணெய், எண்ணெயைக் காக்கும் றப்பர் வளையம், தாங்கிகள். நீருள் இறங்கிய வாகனத்தின் வளையம் கசிந்தால் எண்ணெய் பாலாகும். பின் பற்சில்லு அரிக்கும். ஓர் அச்சிற் பராமரிக்க வேண்டிய இடம் ஒன்றாயிருந்தது மூன்றாகிறது.

இனி வன்னிக்கு வருவோம். மாரி மழை பெய்யும் ஐப்பசி தொடங்கித் தை வரை வயற்களி சில்லை விழுங்கும். கோடையில் அதே களி பாறையாக இறுகும். ஏ 9, பரந்தன்–முல்லைத்தீவு, மாங்குளம்–முல்லைத்தீவு முதலான பெருவீதிகளை விட்டிறங்கினால், குளக்கட்டுகளும் காட்டுப் பாதைகளுமே போக்குவரத்து. இரணைமடு, முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ் விரிந்த குடியேற்றங்களுக்கு உழவு இயந்திரம் இந்நிலையிலேயே வந்தது. இருசில்லு உழவு இயந்திரத்தை எந்தக் கம்பனி செய்தாலும் 'லாண்ட்மாஸ்ரர்' என்றே நம் மக்கள் வழங்குவர். பிரித்தானியக் கம்பனி ஒன்றின் பெயர் பொதுப்பெயராயிற்று. நாற்சில்லு இயந்திரங்களுள் மஸி பெர்கூசன் 35 பரவலாக அறியப்பட்டது. அதன் கியர்பெட்டி மூன்று கியர்களைக் கொண்டது. அதன் பின்னே ஒரு நடுச்சில்லைச் சுற்றி மூன்று சிறுசில்லுகள் வலம்வரும் கோள்முறைக் குறைப்பு ஒன்றுண்டு. அதனை இணைத்தால் மூன்று தாழ்ந்த கியர்கள், விட்டால் மூன்று உயர்ந்த கியர்கள், ஆக முன்னோக்கி ஆறு. ஒரே வாகனம் சேற்றில் இரும்புச் சில்லுடன் உழவும், பெட்டி பூட்டி நெல்லேற்றிக் கிளிநொச்சிச் சந்தைக்கு ஓடவும் வல்லதாயிற்று என்றால் அதற்கு இச்சிறு பற்சில்லுக் கூட்டமே காரணம்.

இதன் சமூக விளைவு நுணுக்கமாக நோக்கப்பட வேண்டியது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் விலை உயர்ந்தது. அக்காலத்திற் செழித்த வடபகுதி விவசாயிகளுட் பலர் வாகன உடைமையாளராயினர். உழவையும் போக்குவரத்தையும் ஒரே இயந்திரம் செய்தமையால், அதனையுடையவன் பிறன் நிலத்தை உழும் கூலியையும் அவன் விளைச்சலை ஏற்றும் கூலியையும் சேர்த்தே பெற்றான். மறுபுறத்தில், மலையகத்திலிருந்து, குறிப்பாக 1977 வன்செயல்களின் பின்னர், வன்னிக்கு இடம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் நிலமோ இயந்திரமோ அற்ற கூலியுழைப்பாளராகவே அமர்ந்தன. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் நிலக்கிளி முதலாக வன்னி நாவல்கள் காட்டையும் குளத்தையும் மனிதரையும் நமக்குக் காட்டின. இயந்திர உடைமை எவ்வாறு உறவுகளை மாற்றியது என்பது தனி ஆய்வுக்குரியது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டதன் பின் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, 2002இன் தொடக்கத்தில் நீங்கும்வரை வன்னியின் கட்டுப்பாடற்ற பகுதிகளை அழுத்தியது. எரிபொருள், மின்கலம், இரும்பு, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் என்பன தடைப்பட்டன. அளவோடு அனுமதிக்கப்பட்ட மண்ணெண்ணெயே வாகனங்களை ஓட்டிற்று. பெற்றோலைச் சில துளி விட்டு இயக்கித் தொடங்கி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே வழக்கமாயிற்று. இதனை வியந்து பேசுவோர் பலர். உண்மையில் இம்முறை புதிதன்று. பிரித்தானியாவில் வரிச்சுமையால் பெற்றோல் விலையுயர்ந்த காலத்தில் உழவு இயந்திரங்களுக்கென மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருள் விற்கப்பட்டது. போர்ட்சனும் பெர்கூசனும் அதற்கேற்ற இயந்திரங்களைச் செய்தன. அவையும் பெற்றோலில் தொடங்கிப் பின் மாறுவனவே. இலண்டன் அரசின் வரியும் கொழும்பு அரசின் தடையும் ஒரே தொழில்நுட்பத்தை வெவ்வேறு காலத்தில் பிறப்பித்தன. வேறுபாடு யாதெனில், அங்கு தொழிற்சாலை செய்த மாற்றத்தை இங்கு கராச்சில் நின்ற மனிதர் கையால் செய்தனர் என்பதே.

மண்ணெண்ணெய் பெற்றோலியந்திரத்தில் எளிதில் முன்கூட்டியே வெடித்துத் தட்டும். அதனைத் தவிர்க்க அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் வலு குன்றும். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களின் ஊடாக வழிந்து அடியெண்ணெயை நீர்க்கச் செய்யும். இயந்திரம் விரைவில் தேயும். வலு குன்றிய இயந்திரத்துக்கு முன்னைய சுமையை இழுக்க ஒரே வழி தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஓடுவது. அவ்வாறு ஓடினால் கிலோமீற்றருக்குக் கூடுதலான எரிபொருள் செலவாகும். தடை இவ்வாறு இரு தடவை அறவிட்டது. எரிபொருளின் விலையிலும், அதனைச் செலவிடும் அளவிலும். உதிரிப்பாகமின்மை மற்றொரு முறையில் வேலை செய்தது. பல்லுடைந்த சோடிக்குப் புதிய சோடி கிடையாதபோது, கைவிடப்பட்ட வண்டியின் அச்சு முழுவதையும் கழற்றிப் பொருத்துவதே பாதுகாப்பான மாற்றம். விகிதம் வேறாயின் வண்டியின் வேகமும் இழுவையும் வேறாகும். வேகமானி பொய் சொல்லும். சாரதி தன் காதையே நம்பி ஓட்டப் பழகுவான்.

போரின் மறுபக்கத்தையும் நோக்குவோம். நிலக்கண்ணிகளால் லொறிகள் சிதறியமையால், 1980களின் நடுப்பகுதியில் இலங்கை அரசு தென்னாபிரிக்காவிலிருந்து பஃபல் என்னும் கண்ணி எதிர்ப்பு வாகனத்தைப் பெற்றது. யூனிமொக் அடிச்சட்டத்தின் மீது, கீழ்ப்பாகம் கூம்பிய எஃகுக் கூட்டை ஏற்றிய வண்டி அது. வெடிப்பின் விசை கூம்பின் இருபுறமும் வழுவிச் செல்லும். விவசாயிக்கென உயர்த்தப்பட்ட அச்சு இவ்வாறு படைவீரனைக் காக்கும் உயரமாயிற்று. உயரத்துக்கும் விலை இருந்தது. பாரத்தின் மையம் மேலேறியமையால் வளைவுகளில் வண்டி எளிதிற் கவிழும். உள்ளிருப்போர் வார்களால் ஆசனத்தோடு பிணைக்கப்பட வேண்டியிருந்தது. 1977இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை ஆயுதத் தடை விதித்த இனவொதுக்கல் அரசு, அத்தடையின் கீழேயே தன் ஆயுதத் தொழிலை வளர்த்தது. அதன் உற்பத்தியொன்று, தன் குடிமக்களில் ஒரு பகுதியினர்மீது பொருளாதாரத் தடை விதிக்கவிருந்த மற்றோர் அரசின் கையை அடைந்தது. வரலாற்றின் இத்தகைய நகைமுரண்களை எழுத்தாளன் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பின்னர் இலங்கை இராணுவத்தின் மின், பொறிமுறைப் பொறியியலாளர் படையணி பஃபலை முன்மாதிரியாகக் கொண்டு யூனிகோர்ன், யூனிபஃபல் என்பவற்றை இந்நாட்டிலேயே கட்டியது. கவச எடையைச் சுமக்கும் எவ்வண்டியும் அச்சுக் குறைப்பின் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. எடை கூடிய அளவுக்கு விகிதம் கூடாவிடின் கிளச்சும் கியர்பெட்டியும் அந்த எடைக்கு ஈடு கொடுக்க வேண்டிவரும்.

1991 யூலையில் ஆனையிறவுப் படைமுகாம் மீது விடுதலைப் புலிகள் தொடுத்த தாக்குதலில் எஃகுத் தகடு போர்த்திய புல்டோசர் பயன்படுத்தப்பட்டது. 14ஆம் திகதி கோப்ரல் காமினி குலரத்ன கைக்குண்டுகளுடன் அதன்மீது ஏறி அதனைச் செயலிழக்கச் செய்து உயிரிழந்தார். இலங்கையின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணய முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. அந்தப் புல்டோசர் இன்று ஏ 9 வீதியோரம் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஏன் லொறியன்று, புல்டோசர்? இவ்வினாவுக்குத் துணிச்சலைப் பற்றிய சொற்களால் விடை கூறுவது போதாது. லொறியின் மீது பல தொன் தகட்டை ஏற்றினால் அதன் அச்சும் வில்லும் தாங்கா; ஆனையிறவின் உவர்ச் சதுப்பில் அது அமிழ்ந்துபோகும். புல்டோசரோ மண்ணைத் தள்ளவென்றே உருவானது. கியர்பெட்டியின் பின் சாய்பற்சில்லு, அதன் பின் பக்கத்துக்கொன்றாகத் திசைமாற்றும் கிளச்சு, இறுதியாக இரும்புச் சங்கிலித் தடத்தை இழுக்கும் பற்சக்கரத்தின் அருகே பெருங்குறைப்பு. ஏற்றப்பட்ட எடையை இழுக்கும் ஆற்றல் அதன் உறுப்பிலேயே உண்டு. அகன்ற தடமோ எடையைப் பரப்பி நிலத்தில் அமிழாது காக்கும். ஆயின் குறைப்பின் கணக்கு ஈவிரக்கமற்றது. இழுவையைத் தந்தது வேகத்தைப் பறித்துக் கொண்டது. மனிதன் ஓடி எட்டிப் பிடித்து ஏறக்கூடிய வேகத்திலேயே அக்கவசம் நகர்ந்தது. தொழிற்சாலையில் தாங்கி செய்யும் அரசுகள் ஆயிரம் குதிரைவலு இயந்திரத்தை வைத்து இம்முரண்பாட்டை விலைகொடுத்துத் தீர்க்கின்றன. அவ்வசதியற்றோர் விவசாய, வீதி இயந்திரத்தின் பற்சில்லுக்குள் அடைபட்டே போரிட்டனர். படைவலு பொருளுற்பத்தி வலுவைச் சார்ந்தது என்று டூரிங்கை மறுத்து எங்கெல்ஸ் எழுதியதற்கு இதனிலும் துலக்கமான சான்று தேட வேண்டியதில்லை. இருபக்கத்திலும் வண்டிக்குள் இருந்தோர் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகளே என்பதையும் சேர்த்தே எழுதுதல் தகும்.

இவ்வறிவு முழுவதும் வாய்மொழியாகவே நின்றது என்பதில் நமது துறைக்கும் பொறுப்புண்டு. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டு, முறுக்கம், பற்சில்லு என நல்ல தமிழ்ச் சொற்களை வகுப்பறைக்குத் தந்தது. கராச்சில் கிறவுண் என்றும் பினியன் என்றும் அக்சில் என்றுமே வழங்கினர். சொற்றொகுதி ஆக்கியோர் கராச்சுக்குப் போகவில்லை. கராச்சில் நின்றோர் சொற்றொகுதியைக் காணவில்லை. இது மொழித்தூய்மைச் சிக்கலன்று. மூளையுழைப்பும் உடலுழைப்பும் பிரிந்து நிற்கும் சமூகத்தின் பிளவு சொல்லில் வெளிப்படுவது.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது முல்லைத்தீவுக் கரையோரத்தில் உழவு இயந்திரங்களும் லொறிகளும் பேருந்துகளும் துருப்பிடித்த குவியல்களாகக் கிடந்தன. சில பதிற்றாண்டுகளின் உழைப்பால் சேர்ந்த உற்பத்திச் சாதனம் பழைய இரும்பாயிற்று. மீளக் குடியேறியோர் உழவு இயந்திரத்தை மீண்டும் பெற்றது பெரும்பாலும் தவணைக் கடனில். வயலுக்குரியவன் வண்டிக்குரியவனிடம் கடன்பட்டிருந்த பழைய உறவு போய், இருவரும் நிதிக் கம்பனிக்குக் கடன்படும் உறவு வந்தது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, வன்னியில் நடுவயதினர் தம் பழைய கைவித்தையை நினைவுகூர்ந்திருக்கக்கூடும். ஆயின் அவ்வழியும் அடைபட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. அடுத்த காலபோகத்துக்குத் தாழ்ந்த கியரில் ஆழ உழுவதா, உயர்ந்த கியரில் மேலோட்டமாக ஒருமுறை கீறி விதைப்பதா என்பதை மண்ணின் தன்மையன்றி எரிபொருட் கூப்பனே முடிவு செய்தது.